யார் கை எண்ணெய்

மார்ச் 4, திங்கள்

பேத்தி பாதி எழுதிவிட்டுத் தூக்கிப் போட்ட நோட்டு. மிச்சப் பக்கமெல்லாம் எனக்கு. எழுத்து கோணல்தான். நான் படித்தால் போதும்.

மகன் காய்-வென்னின் சைக்கிள் இன்றும் கத்தியது. தெருமுனையில் பிரேக் பிடிக்கிறான், அடுப்படியில் எனக்குப் பல் கூசுகிறது. பன்றியை அறுக்கிற மாதிரி. எதிர்வரிசையில் சாய் என்பவன் வைத்திருக்கிற சைக்கிள் கடைக்கு மூன்று தடவை கொண்டுபோய்விட்டான். ஒவ்வொரு தடவையும் புது பிரேக் பேட் மாட்டி, டிஸ்க்கைத் துடைத்துத் தருகிறானாம். இரண்டு நாள் சும்மா இருக்கும், பிறகு அதே கூச்சல்.

வேறு கடை பாரேன் என்றேன். "இருபது வருசத்துப் பகைய என் சைக்கிள்ல ஏத்தாதம்மா" என்றான்.

இருபது இல்லை. இருபத்தியொன்றரை.

மார்ச் 6

மழை. முழங்கால் வலி. சாய் கடையிலிருந்து போன சைக்கிள்களில் இந்த வாரம் கத்துவது ஐந்து. ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணினேன்.

மார்ச் 9, சனி

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

நேற்று நான்காவது தடவையாக சாய் பேட் மாற்றிக் கொடுத்தான். காலையில் காய்-வென் வெளியே போனதும் சைக்கிளை வாசலில் கவிழ்த்துப் போட்டேன். தொழிற்சாலையில் டிஸ்க் பிரேக் லைனில் பதினோரு வருடம் உட்கார்ந்தவள் நான். சக்கரத்தைக் கழற்றி, புது பேட்டை வெளியே எடுத்து மூக்கருகே வைத்தேன்.

புதினா வாசம்.

மறுபடி முகர்ந்தேன். சாய் தலைக்குத் தடவுகிற ஹேர் கிரீம். வாயைத் திறக்கும் முன்னால் கையால் தலையை ஒரு தடவு தடவிக்கொள்வான். அன்றும் அப்படித்தான். இன்றும் அப்படித்தான். அந்தக் கையோடுதான் பேட்டைத் தொடுகிறான், டிஸ்க்கைத் தொடுகிறான். எண்ணெய்ப் பசை பட்டால் பிரேக் கத்தத்தான் செய்யும்.

2002 செப்டம்பர் 17, செவ்வாய், காலை பத்தரை. அவன் எங்கள் லைன் சூப்பர்வைசர். மூன்று தட்டு பேட்டில் எண்ணெய் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். நாற்பத்தாறு பெண்களை வரிசையாக நிறுத்திக் கையை நீட்டச் சொன்னான். என் கையைப் பிடித்து விரித்து, வெள்ளைத்தாளை உள்ளங்கையில் அழுத்தி எடுத்தான். தாளில் கறை. எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினான். "பதினாலாம் நம்பர்" என்றான், பெயரைக்கூடச் சொல்லவில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன். தலையைத் தடவிக்கொண்டு அடுத்த வேலையைப் பேசினான்.

அன்றோடு வேலை போனது. அன்றிலிருந்து சந்தையில் என் பெயர் எண்ணெய்க்கை. என் புருஷன் சாவுக்கு வந்தவள் ஒருத்திகூட, எண்ணெய்க்கை வீடு எது என்று வழி கேட்டுத்தான் வந்தாள்.

அந்தக் கறை அவன் கையிலிருந்து வந்தது. என் கையைப் பிடித்தானே, அந்தக் கை. அவன் கைடா பாவி, என் கை இல்ல.

மாலை

சைக்கிளைச் சரி செய்தேன். டிஸ்க்கை ஸ்பிரிட்டால் மூன்று முறை துடைத்தேன். அந்த பேட்டை வீசிவிட்டு, வேறு பேட்டை விளிம்பில் மட்டும் பிடித்து மாட்டினேன். திருகு இரண்டையும் தளர்த்தி, பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி மறுபடி முடுக்கினேன். காய்-வென்னை வேகமாக ஓட்டி ஓட்டி இருபது தடவை பிரேக் பிடிக்கச் சொன்னேன். சத்தமே இல்லை. என்னம்மா செஞ்ச என்று கேட்டான். துடைத்தேன் என்றேன்.

மார்ச் 13

தெருவே வருகிறது. இன்று நான்கு சைக்கிள். உள்முற்றத்தில் வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வாசலில்தான் ஸ்டூல் போட்டுக்கொள்கிறேன். அவன் கடையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட் பாட்டிலை உயர்த்தி, எவ்வளவு மிச்சம் என்று நிதானமாகப் பார்க்கிறேன்.

மார்ச் 18

அவன் மனைவி கொய்யாப்பழப் பையோடு வந்தாள். மாட்சு அம்மன் ஊர்வலத்துக்கு முன்னால் போகிற கோயில் குழுவின் நாற்பது சைக்கிளும் வருடாவருடம் சாய் கடையில்தான் தயாராகும். அந்தப் பெருமையில்தான் கடையே நிற்கிறது. அம்மனுக்கு முன்னால் இப்படிக் கத்தினால் அடுத்த வருடம் வேறு கடை என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டாராம். "அவர் சாப்பிடவே மாட்டேங்கிறார் அக்கா. என்ன பண்றீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பழத்தை வாங்கிக்கொண்டேன். சொல்லவில்லை. பழம் புளிப்பு.

மார்ச் 20

காய்-வென் சண்டை போட்டான். பிரேக் சரியில்லாமல் யாராவது பாலத்துச் சரிவில் விழுந்தால் என்று கேட்டான். அன்று நான் விழுந்தபோது யார் கேட்டது என்றேன். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான்.

நான் சாப்பிட்டேன்.

மார்ச் 23

சாயே வந்தான். வாசற்படிக்குக் கீழே நின்றான். ஏறி வா என்று சொல்லவில்லை. கோயில் முற்றத்தில், பழைய லைன் பெண்கள் இருக்கும்போது, அந்த செவ்வாய்க்கிழமையைப் பற்றிப் பேசு, பிறகு பார்க்கலாம் என்றேன். தலையைத் தடவினான். சரி என்றான்.

மார்ச் 31, ஞாயிறு

பேசினான்.

ஒன்பது பேர் வந்திருந்தார்கள். என் பக்கத்து இருக்கையில் வேலை செய்த ஆ-குவெய் பல்செட் போட்டுக்கொண்டு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் முதல் தடவையாக என் பெயரைச் சொன்னான்.

"லின் யுவெ-நு மேல தப்பில்ல. அவங்க போன மறு வாரமும் தட்டுல எண்ணெய் இருந்துச்சு. நான் மறைச்சுட்டேன். எங்கேருந்து வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

மறு வாரமே தெரியும். மறு வாரமே! இவ்வளவு வருஷம் எதிர்க்கடையில உக்காந்துகிட்டு என் மூஞ்சியப் பார்த்துகிட்டுதானே இருந்தே?

பிறகு, இப்போதாவது சொல்லுங்கள், நான் என்ன தப்பு செய்கிறேன் என்று கேட்டான்.

"அன்னிக்கு நானும் இதையேதான் கேட்டேன். நீங்க தலையைத் தடவிட்டு வேற பேச்சுக்குப் போயிட்டீங்க. இன்னிக்கும் தடவிக்கிட்டே போங்க."

ஆ-குவெய் பல்செட் நழுவுகிற அளவுக்குச் சிரித்தாள். அவன் கை தலைக்குப் போகிற வழியில் பாதியில் நின்றது. அந்தக் கையையே பார்த்தான். நான் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன். ராத்திரிக்கு மீன் பொரித்தேன்.

ஏப்ரல் 1

தடவிக்கிட்டே போங்க என்று சொல்லியிருக்க வேண்டாம். பதிலை நானே கொடுத்துவிட்டேன். நாக்கு.

ஏப்ரல் 4

சாய் கடை மூன்று நாளாக அடைத்திருக்கிறது. உள்ளே வெளிச்சம் தெரிகிறது. ஸ்பிரிட் வாசம் தெரு வரைக்கும்.

ஏப்ரல் 7

ஊர்வலம். விடிந்ததும் எல்லோரையும் போல வாசலில் மேசை போட்டேன். தண்ணீர், ஆரஞ்சு, ஆவியில் வேகவைத்த பன். அம்மனோடு நடந்து வருகிறவன் கை நீட்டினால் யாராக இருந்தாலும் கொடுத்தாக வேண்டும். அது தெருவுக்கே தெரியும், அவனுக்கும் தெரியும்.

முதலில் சைக்கிள் குழு. தெருமுனையில் நாற்பது பேரும் ஒன்றாகப் பிரேக் பிடித்தார்கள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். டயர் உரசுகிற சத்தம். வேறொன்றும் இல்லை.

முன்னால் வந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மழுங்க மொட்டை. வெயிலில் அந்த மண்டை வறண்டு தோல் உரிந்து கிடந்தது.

நேராக என் மேசைக்குத்தான் வந்தான். தலையைத் தொடவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்து என் முன்னால் நீட்டினான், அன்று எங்களை நீட்டச் சொன்ன மாதிரியே. சுத்தமாக இருந்தன.

பக்கத்து வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பன் வைத்தேன். இருப்பதில் சின்னதாகப் பார்த்து.