உன் தலைமாட்டில் எனக்கு இடம்

என் பாக்கியத்துக்கு,

இங்கே நம் காந்தலில் மழை விடவில்லை. உன் கம்பளியை நான்தான் போர்த்திக்கொண்டிருக்கிறேன். நாம் சேர்ந்து பார்க்கத் தொடங்கிய அந்தத் தொடர் இன்னும் ஓடுகிறது. ஒருவரையொருவர் நேசித்து ஒரே வீட்டில் வாழும் இரண்டு பெண்களின் கதை. “நம்ம கதைய இவங்களுக்கு யாரு டீச்சர் சொன்னது?” என்று என்னைச் சீண்டிச் சிரித்தாயே, அதேதான்.

நீ போன பிறகு பக்கத்து வீட்டுச் சரோஜா துணைக்கு வந்து உட்கார்ந்து பார்த்தாள். நல்லவள்தான். உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று, தலைமாட்டில் இருந்த என் தோளைத் தொட்டு, “டீச்சர், கொஞ்சம் எந்திரிங்க. சொந்தக்காரங்க உக்காரட்டும்” என்றவளும் அவள்தான். உன் அண்ணி அங்கே உட்கார்ந்தாள். நம் வாசலை ஒருநாளும் மிதிக்காதவள். நான் அடுப்படியில் நின்று, வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினேன்.

மூன்றாம் வகுப்பில் குடும்பப் படம் வரையச் சொல்வேன், நினைவிருக்கிறதா? ஒரு பிள்ளை தன் வீட்டு நாயை நடுவில் வரைந்திருந்தது. அதைக்கூட யாரும் தப்பு என்று சொல்லவில்லை, பாக்கியம்.

போன வாரம் தொடரில் ஒருத்தி மருத்துவமனையில் கிடந்தாள். சொந்தக்காரர் மட்டும்தான் என்று மற்றவளை வெளியே நிறுத்திவிட்டார்கள். சரோஜா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“அந்தப் புள்ளைய உள்ள உட்டா என்னங்க கொறஞ்சிரும்? பாவிங்க!”

“என்னையும் நீ எந்திரிக்கச் சொன்னியே, சரோஜா.”

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு சுவரில் இருந்த நம் படத்தைப் பார்த்தாள். “டீச்சர்... நீங்களும் பாக்கியக்காவும்...?”

“ஆமா.”

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவள் திரும்ப வரவில்லை. குழாயடியில் என்னைக் கண்டால் குடம் நிறையும் முன்பே தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். ஆனால் தொடர் வரும் நேரத்தில், நடுச்சுவர் வழியாக அதே குரல்கள் கேட்கின்றன. அந்தப் பக்கம் அவள் இன்னும் அழுகிறாளா? யாருக்காக?

அடுத்த மாதம் கூடலூரில், உன் அண்ணன் வீட்டில், உனக்கு வருஷத் திதி. எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஆனாலும் வருவேன். உன் படத்துக்குப் பக்கத்தில் உட்காருவேன். இந்த முறை யார் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேன். நான் யார் என்று கேட்டால், இங்கே கீழே எழுதுவதையே அவர்கள் முகம் பார்த்துச் சொல்வேன்.

உன் துணைவி,
பரிமளா