குடைக்குப் பிறகுதான் குரங்கு

என் வீட்டு நிதியமைச்சருக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? போனில் சொன்னால் கத்துவாய், அதனால்தான் கடிதம்.

போன வாரம் பேக்கரியில் மாவு பிசையும் இயந்திரத்துக்குள் என் போன் விழுந்து சுக்குநூறாகிவிட்டது. நம் பிட்காயின் மொத்தமும் அதில்தானே! புதுப் போனில் அதைத் திறக்க அந்தப் பன்னிரண்டு சொற்களும் வரிசையாக வேண்டும். எழுதி வைத்தால் திருடு போகும் என்று, அவற்றைக் கோத்துப் பிள்ளைகளைத் தூங்கவைக்கும் கதையாக்கினாயே, அது எனக்குப் பாதியில் மறந்துவிட்டது.

அன்றைக்குச் சின்னவளைக் கூப்பிட்டுக் கதை கேட்டேனே, பாசம் என்று நீ நெகிழ்ந்தாயே, அது இதற்குத்தான். குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு, பூனை ஏணியில் ஏறியதும் குரங்கு வந்தது என்றேன்.

“அய்யோ அப்பா! முதல்ல குடை, அப்புறம்தான் குரங்கு. ஒரு கதைகூட உருப்படியா சொல்லத் தெரியல உனக்கு!”

மீதிக் கதையையும் அவளே சொல்லிமுடித்தாள். அந்த வரிசையில் சொற்களைப் போட்டேன். திறந்துகொண்டது! சல்லிக்காசு குறையவில்லை. நான் போட்ட கூச்சலில் அறைத்தோழர்கள் கதவை உடைக்க வந்துவிட்டார்கள். ‘பிட்காயினை நம்பிப் பிள்ளை வளர்க்கிறார்களாம்’ என்று சிரித்தாரே உன் அண்ணன், அவரிடம் சொல்: எங்கள் வங்கி மேலாளருக்கு இன்னும் முன்பல்லே முளைக்கவில்லை!

போனில் சொன்ன சொற்கள் இனி ஆகாதென்று பணத்தைப் புதுச் சொற்களுக்கு மாற்றிவிட்டேன். அதற்கான கதையை விடுமுறையில் வந்து சொல்கிறேன். பழைய கதையை வைத்து இனி யாரும் எதையும் திறக்க முடியாது. அவளை முழுசாகச் சொல்லவைத்துப் பதிவுசெய்து அனுப்பு. படுக்கும்போது கேட்கவேண்டும். இந்த முறை பாசத்தில்தான்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

குரங்கை முந்தவிட்ட
உன்னவன்