ஓசை எனக்கு, எழுத்து உனக்கு

என் அன்புப் பவாவுக்கு,

நீ முதலில் எதைக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். ஓம், யப்பான் மொழி வகுப்பு திரும்பத் தொடங்கிவிட்டது. ஓம், நான் போகிறேன். "நான் இல்லையெண்டு வகுப்பை விட்டிடாதேங்கோ அக்கா" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நீ சொன்னதைத் தட்ட முடியவில்லை. சந்தோசமாகப் போகிறேனா என்று மட்டும் கேட்காதே.

இங்கே குளிர் வந்துவிட்டது. டோர்வலில் எங்கள் வேலைத்தலத்தில், விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் மேசையில், நீ நின்ற இடத்தில் இப்போது ஒரு ஹெயிட்டிப் பெண் நிற்கிறாள். நல்ல பிள்ளை. நான் சலாட் வைக்க அவள் மூடி போடுகிறாள். உன்னைவிட வேகம், கோபிக்காதே. ஆனால் வாய் திறந்தால் ஒரு "மெர்சி", அவ்வளவுதான். ஓயாமல் கதைத்துக்கொண்டே மூடி போட்டவளோடு இத்தனை வருசம் நின்ற எனக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

டோக்கியோவுக்குப் போகும் தட்டுகள் வரும்போது இன்னும் லேபிளைப் பார்க்கிறேன். எல்லாம் அதில்தானே தொடங்கியது? "ஒட்டு ஒட்டெண்டு ஒட்டுறம், இதில என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருநாளாவது யோசிச்சனாங்களோ?" என்று நீ கேட்டாய். கொஞ்ச நாளில், புவாண்ட்-கிளேர் நூலகத்து மேல்மாடியில், இளம் பிள்ளைகளுக்கு நடுவில், ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்திருந்தோம். உன் மனுசன் ரவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது. "பிரெஞ்சே இன்னும் வாயில ஒழுங்கா வரேல்ல, இவைக்கு யப்பான் கேக்குது!" அவர்களுடைய எழுத்துக்குக் கன்ஜி என்று பெயர் என்று சொன்ன பிறகு இன்னும் மோசம். வகுப்பால் வரும்போதெல்லாம் "இண்டைக்கு என்ன கஞ்சி குடிச்சனீங்கள்?" என்று பகிடி.

நாங்களும் அந்தப் படிப்பை எங்களுக்குத் தெரிந்த மாதிரித்தான் செய்தோம். தட்டு அடுக்குவதைப் போலவே மொழியையும் பங்கு போட்டுக்கொண்டோம். எனக்குக் காது நல்லது. ஓசையும் பேச்சும் என் பங்கு. உனக்குக் கண் நல்லது. எழுத்து உன் பங்கு. நான் வாயால் சொல்ல நீ எழுதுவாய். சென்செய், அதுதான் எங்கள் ஆசிரியை, முதலில் முறைப்பார், பிறகு சிரித்துவிடுவார். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் அவருக்கு ஒரு முழு மாணவி. இப்படி ஒரு விசர் வேலையை உலகத்தில் வேறு யாராவது பார்த்திருப்பார்களா, பவா?

அந்த மொழியில் ஒரே ஓசையில் எத்தனை வினைச்சொற்கள்! 'மிரு' என்று நான் சுலபமாகச் சொல்லிவிடுவேன். சும்மா பார்ப்பதற்கு ஒரு எழுத்து, வைத்தியர் நோயாளியைப் பார்ப்பதற்கு ஒன்று, வருத்தம் வந்து படுக்கையில் கிடப்பவரைப் பக்கத்திலிருந்து பராமரிப்பதற்கு இன்னொன்று. எதை எழுதுவது என்று தேர்ந்தெடுப்பது நீ. "உங்கட வாய்க்கு எல்லாம் ஒண்டுதான். கிடந்து முறியிறது நானல்லோ" என்பாய்.

ஆஸ்பத்திரியில் அந்த மூன்றாவது எழுத்தை என் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினாய். "மேல இருக்கிறது கை, கீழ கண். உங்களைத்தான் எழுதி வச்சிருக்கினம் அக்கா." எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ விடவில்லை. "அழுறதுக்கும் ரெண்டு எழுத்து இருக்கு. மனுசருக்கு ஒண்டு, ஆடு மாடு குருவிக்கு ஒண்டு. இப்ப நீங்கள் எது?" மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். அப்படி என்னைச் சிரிக்க வைக்க இப்போது ஒருவரும் இல்லை.

நீ போனாய், எழுத்தும் போய்விட்டது. திரும்பத் தொடங்கிய முதல் வகுப்பில் சென்செய் சொல்வதெழுதுதல் வைத்தார். அவர்கள் ஊரில் சிறுபிள்ளைகள் எழுதுவதுபோல, எல்லாவற்றையும் வெறும் ஒலியெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு கன்ஜிகூட இல்லை. சென்செய் பக்கத்தில் வந்திருந்து பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்: காதில் விழுந்ததெல்லாம் சரி, ஆனால் இப்படியே எழுதினால் தை மாதம் அடுத்த வகுப்புக்கு உங்களை அனுப்ப முடியாது. ஒன்றில் எழுத்தைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இதோடு நிற்பாட்ட வேண்டியதுதான்.

முன் வரிசையில் இருப்பாளே நிவேதா, சென்னையிலிருந்து வந்து ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளை, அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "அக்கா, ஃபோன்ல அந்த சவுண்டை டைப் பண்ணுங்க. அதுவே நாலஞ்சு கன்ஜி காட்டும், ஒண்ணை செலக்ட் பண்ணிக்கலாம்." உண்மைதான், காட்டியது. எதை எடுப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். அவள் உன் கதிரையில் இருந்துகொண்டு, "சரி, நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். பவானி அக்காகூட அப்படித்தானே பண்ணுவீங்க? எனக்கும் காதால கேட்டுப் புரிஞ்சுக்கறது கஷ்டமா இருக்கு" என்றாள்.

நல்ல மனதோடுதான் கேட்டாள். நான் "வேண்டாம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, குளிர்ச்சட்டையை எடுத்துக்கொண்டு வகுப்பு முடியமுதலே வெளியே வந்துவிட்டேன். பஸ் தரிப்பில் நிற்க எனக்கே வெட்கமாக இருந்தது. அவளையும் எழுத விடமாட்டேன், நானும் எழுதப் பழகமாட்டேன் என்றால் எனக்கு என்னதான் வேண்டும்?

மறுநாள் ரொக்ஸ்பரோவில் உன் வீட்டுக்குப் போனேன். ரவி சமைத்திருந்தார். நம்புவாயா? அடுப்படிப் பக்கமே வராத மனுசன் மீன்குழம்பு வைத்திருந்தார், அப்படியே உன் கைப்பக்குவம். "நல்லா வந்திருக்கு ரவி" என்றேன். அவர் தன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்:

"முதல் முதல் வச்சதெல்லாம் வாயில வைக்கேலாதக்கா. அடுப்படியில நிண்டு அவளைத்தான் கேப்பன், 'புளியை எப்ப விடுறது, இஞ்சேர்?' எண்டு. ஒருநாள் சரியா வந்திட்டுது. செத்தவீட்டண்டு அழுததை விட அண்டைக்குத்தான் கூட அழுதனான். அவள் இல்லாமலும் வருதெல்லோ."

அவருக்குச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். நான் எழுத்துப் படிக்காமல் இழுத்தடித்தது வயதாலும் அல்ல, பஞ்சிப்பட்டுச் சோம்பியதாலும் அல்ல. எனக்குத் தெரியாத வரைக்கும் அது உன் வேலை. நீ வந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று இந்த உலகத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது. நானும் எழுதப் பழகிவிட்டால், நீ இல்லாமலும் எனக்கு வரும். அந்த நாளைத்தான் நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

ரவி எழும்பி என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். "என்ன செய்யிறதக்கா, பசிக்குதே" என்றார்.

அடுத்த வகுப்பில் நிவேதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, அதெல்லாம் விடுங்கக்கா" என்று என் கையைப் பிடித்தாள். அன்றிலிருந்து வேலையால் வந்து, தேத்தண்ணியோடு, ஒவ்வொரு எழுத்தாக எழுதிப் பார்க்கிறேன். என் கையெழுத்தைக் கண்டால் நீ வயிறு நோகச் சிரிப்பாய்.

நேற்றுத் திரும்பவும் சொல்வதெழுதுதல். இருமலுக்குக் குடித்த மருந்து வேலை செய்தது என்று ஒரு வசனம். 'கிகு'. காதால் கேட்பதற்கும் அதே ஓசை, மருந்து பலிப்பதற்கும் அதே ஓசை. பழக்கத்தில் உன்னை இடிக்க என் முழங்கை அசைந்துவிட்டது. பிறகு நானே யோசித்து ஒன்றை எழுதினேன். சென்செய் வந்து பார்த்து, அதைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டார். அவர்களுக்கு வட்டம் என்றால் சரி.

உனக்குக் காட்டத் திரும்பினேன்.

வகுப்பு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் அப்படி ஒரு தனிமை எனக்கு உன் செத்தவீட்டன்றுகூட வரவில்லை. அன்று நான் விழாமல் பிடிக்க ஆட்கள் நின்றார்கள். ஒரு எழுத்தைச் சரியாக எழுதியதற்காக அழுகிறவளை யார் வந்து பிடிப்பார்கள்? கொப்பியை மூடி வைத்தேன்.

தை மாதம் அடுத்த வகுப்புக்குப் போவேன், பவா. உன் பங்கையும் நானே படிப்பேன், இது சத்தியம். ஆனால் மெல்ல மெல்லத்தான் படிப்பேன், அவசரப்படுத்தாதே. ஒவ்வொரு எழுத்துக்கும் உன்னிடமிருந்து ஒருமுறை பிரிய வேண்டியிருக்கிறது.

நீ கூப்பிட்டதால் மட்டுமே உனக்கு அக்காவான,
சரோ