விசுவாசம் இல்லை என்று நீ சொன்னபோது

மச்சான்,

இன்று காலை ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குப் போகிற வழியில், சிவப்பு விளக்கில் எனக்கு முன்னால் ஒரு கட்டிப்பால் லாரி நின்றது. மரத்திலேயே, கோப்பைக்குள் தானாக உறைந்துபோன ரப்பர் பால் அது. லாரி நிறையக் குவித்திருந்தான். அந்த நாற்றத்தை உனக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பக்கத்துக் கார்க்காரர்கள் எல்லாரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். நான் இறக்கிவிட்டேன். முப்பது வருஷம் உன் சட்டையில் இருந்த வாடை. விளக்கு பச்சையாகி, பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்துத் தீர்த்தான். அறுபத்தாறு வயதுப் பாஸ்டர், கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு, நடுரோட்டில் அழுதுகொண்டிருந்தேன். நீ பார்த்திருந்தால் ஒரு மாதத்துக்கு அதைச் சொல்லியே சிரித்திருப்பாய்.

நீ போனதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்துவிட்டேன். பிரசங்கம் என்றால் மளமளவென்று வருகிறது. இது வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். பிரசங்கத்தில் மற்றவர்களுடைய பாவத்தைப் பற்றிப் பேசலாம்.

ஒரே தோட்டத்து லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள் நாம். நான் வேதாகமக் கல்லூரிக்குப் போனேன், நீ ரப்பர் பால் லாரி ஓட்டப் போனாய். ஆனால் நம் இரண்டு பேரில் அதிகம் படித்தவன் நீதான். இதை உன் முன்னால் ஒருநாளும் நான் ஒத்துக்கொண்டதில்லை. ஈப்போ பழைய புத்தகக் கடையில் ஆங்கிலத் தத்துவப் புத்தகங்களைப் பொறுக்கி வந்து, லாரி இருக்கைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தாய். சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரமெல்லாம் படிப்பாய். சனிக்கிழமை காலை கோப்பிக்கடையில் என்னைப் பிடித்துக்கொள்வாய்.

"மச்சான், ஒங்க சபைய ஆரம்பிச்ச ஜெர்மன்காரத் துறவி என்னா சொன்னாரு? நல்லது செஞ்சு மோட்சம் வாங்க முடியாது, விசுவாசம் மட்டும் போதும்னாரு. சரி. அந்த விசுவாசத்த யாரு உண்டாக்குறது? நான் முக்கி முக்கி நம்பணும்னா, அதுவும் ஒரு வேலதானே லா?"

நான் கோப்பியை வைத்துவிட்டுக் கல்லூரியில் படித்ததை ஒப்பிப்பேன். விசுவாசம் நாம் செய்கிற வேலையல்ல, வெறுங்கை. கொடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார், நாம் கையை நீட்டுகிறோம், அவ்வளவுதான். கையில் ஏதாவது இருந்தால்தான் வாங்க முடியாது.

"நல்லா இருக்கு. ஆனா நீ பிரசங்கம் பண்றப்ப அப்படி இல்லியே. விசுவாசமா இருங்க, விசுவாசமா இருங்கன்னு காலைப் பெரட்டுல ஆள் கணக்கு எடுக்குற கங்காணி கத்துற மாதிரில்ல கத்துற?"

அப்போதுதான் உன் அப்பாவின் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னாய். நாற்பது வருஷம் பால் வெட்டிய மனிதருக்கு, 'விசுவாசமான சேவைக்கு' என்று எழுதி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். அடுத்த வருஷம் தோட்டத்தை விற்றார்கள். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்தது. அப்பா கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லாரி ஏறினார். உன் லாரிதான் அது.

"எனக்கு விசுவாசம்னா அதான் மச்சான். துரைக்கு ஆளு காட்டுறது. எசமானுக்கு நாய் காட்டுறது. நீ சொல்ற அர்த்தம் என் மண்டையில ஏறவே மாட்டேங்குது."

"அது ஊர் பேச்சு. வேதத்துல அதுக்கு ஒரே அர்த்தம்தான்," என்றேன். பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். அந்த ஒரு நாள் மட்டும் நான் வாயை மூடிக்கொண்டு நீ சொன்னதைக் கேட்டிருந்தால், இந்தக் கடிதமே எழுத வேண்டி வந்திருக்காது.

அதற்குப் பிறகு சில மாதங்களில் ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது உன் உதடு அசைவது நின்றுவிட்டது. நான் பீடத்திலிருந்து பார்த்தேன். சபையே எழுந்து நின்று 'விசுவாசிக்கிறேன்' என்கிறது. மூன்றாவது வரிசையில் நீ வாயை இறுக்கிக்கொண்டு நிற்கிறாய். அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் நற்கருணைக்கும் எழுந்து வருவதில்லை. எஸ்தர் மட்டும் வருவாள், உன் மனைவி என்பதாலேயே தலையைக் குனிந்துகொண்டு. கேட்டதற்கு, "சந்தேகத்தோட வாயால மட்டும் சொன்னா அது பொய் மச்சான். ஆண்டவரு இருந்தா அவருக்கே அது பிடிக்காது," என்றாய். இந்தக் காலத்துத் தத்துவக்காரர்கள் உன்னைக் கெடுத்துவிட்டார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு மனிதன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அதை நீ ஒருத்தன்தான் எங்கள் கோயிலில் கடைப்பிடித்தாய். எனக்கு அது ஆத்திரமாக இருந்தது. சபைக்கு முன்னால் என் சிநேகிதனே எனக்கு அடங்கவில்லை என்கிற ஆத்திரம். வைராக்கியம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

சண்டையில்லாத சனிக்கிழமைகளும் உண்டு. ஒருநாள் ஆதித் திருச்சபையின் கதையைச் சொன்னேன். உபத்திரவத்துக்குப் பயந்து மறுதலித்துவிட்டுத் திரும்பி வந்தவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஆயர்கள் பெரிய சண்டை போட்டார்கள். பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம் என்று வாசலில் நிற்க வைத்தார்கள். அத்தனை கறாரானவர்களும் ஒரு விஷயத்தில் மட்டும் இளகினார்கள்: சாகக் கிடக்கிறவன் கேட்டால் இல்லையென்று சொல்லாதே, வழிக்கு உணவு கொடுத்து அனுப்பு. அந்த நற்கருணைக்கு அவர்கள் வைத்த பெயரே அதுதான், வழியுணவு.

"கட்டுச்சோறு!" என்று மேசையைத் தட்டினாய். "லூமுட் வரைக்கும் ஓட்டுறவனக் கேளு மச்சான், கட்டுச்சோறுன்னா என்னான்னு. ஒன்னோட சரித்திரத்துலயே இதான் லா எனக்குப் பிடிச்சது."

உனக்கு எவ்வளவு சந்தோஷம் அன்றைக்கு! இரண்டு ரொட்டி சானாய் கூடுதலாகச் சொன்னாய்.

பிறகு உன் நுரையீரல் கெட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் வீட்டுக்கு வந்தேன். எஸ்தர் பாசாருக்குப் போயிருந்தாள். நாம் இரண்டு பேர்தான். கட்டிலில் நீ பாதி ஆளாக இருந்தாய். வெகு நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "பாஸ்டர்," என்றாய்.

வாழ்நாளில் ஒரு தடவைகூட நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கோயிலுக்குள்ளேயே மச்சான்தான். அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"பாஸ்டர், எனக்கு விசுவாசம் இல்ல. இருந்தாலும் வாங்கிக்கலாமா?"

அப்பமும் ரசமும் இருக்கிற சின்னப் பெட்டி வாசலில் நின்ற காரில்தான் இருந்தது. இருபது அடி. நான் எழுந்திருக்கவில்லை. என் மனதில் என்ன ஓடியது என்று உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன்: இத்தனை வருஷத்துக்குப் பிறகு இவன் இறங்கி வருகிறான், இப்போது விட்டால் கிடைக்காது, அந்த ஒரு வார்த்தையை இவன் வாயிலிருந்து வாங்கிவிட வேண்டும். எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது மச்சான். சாகிறவனிடம்.

"இல்லன்னு நீயே சொல்ற. அப்புறம் எதுக்குக் கேக்குற? சடங்குக்கா?" என்றேன். "ஒரு வாரம் நல்லா யோசி. அடுத்த சனிக்கிழமை வாரேன். விசுவாசிக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லு, கொடுத்துர்றேன்."

"சரி லா," என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

வியாழக்கிழமை மத்தியானம் போய்விட்டாய்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் எஸ்தர் சொன்னாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கு நீங்க போனதும் ரொம்ப அழுதாரு அண்ணே. 'நாய்க்கு இருக்குற விசுவாசம்கூட எனக்கு இல்ல எஸ்தரு. இத்தன வருஷம் ஆண்டவரு சோறு போட்டாரு, நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன். அதான் மச்சான் யோசிக்கச் சொல்லிட்டுப் போய்ட்டான், நியாயம்தான்'னாரு."

நியாயம்தான்! அந்தச் சொல்லை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நம்ப முடியவில்லை என்று நீ சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன். உண்மையாக இருக்கவில்லை என்றல்லவா நீ சொல்லியிருக்கிறாய்! தோட்டத்து அர்த்தத்தில். உன் அப்பாவின் கடிகாரத்தில் எழுதியிருந்த அர்த்தத்தில். அது பாவ அறிக்கை. இல்லாத ஒருவருக்கு யாரும் துரோகம் செய்ய முடியாது. துரோகம் செய்துவிட்டேன் என்று அழுகிறவனுக்கு அவர் இருக்கிறார் என்பதில் என்ன சந்தேகம்? பாவத்தை அறிக்கையிடுகிறவனுக்கு அந்த இடத்திலேயே மன்னிப்பைச் சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அதற்குத்தான் கழுத்தில் இந்தப் பட்டை.

அட, நான் எடுத்துக்கொண்ட அர்த்தத்திலேயே நீ சொல்லியிருந்தால்தான் என்ன? வெறுங்கை, வெறுங்கை என்று முப்பத்தைந்து வருஷம் பிரசங்கம் செய்தவன் நான். ஒருத்தன் உண்மையிலேயே வெறுங்கையோடு வந்து 'இல்லை, இருந்தாலும் வாங்கிக்கலாமா' என்று கேட்கிறான். எங்கள் போதனை முழுவதும் அந்த ஒரு வரிதானே! ஐந்நூறு வருஷத்துச் சண்டையும் அதற்காகத்தானே! படிப்பறிவில்லாத கிழவிக்குக்கூடப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. வார்த்தையைக் கொண்டுவா, தருகிறேன் என்று பேரம் பேசினேன்.

இப்போதெல்லாம் யாரிடமும் 'அடுத்த வாரம்' சொல்வதில்லை. போன மாதம் லகாட் ஊரில் ஒரு மூதாட்டி, புத்தி தடுமாறியவர், நான் யார் என்றே தெரியாமல் கையை நீட்டினார். எதுவும் கேட்காமல் அப்பத்தைக் கொடுத்தேன். சபை மூப்பர் ஒருவர், "என்னா பாஸ்டர், அவங்களுக்கு ஒண்ணும் வெளங்கலையே," என்றார். "எனக்கும் ரொம்ப நாளா வெளங்கல லா," என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை நல்லது செய்துவிட்டேன் என்பதற்காகச் சொல்லவில்லை. உனக்குக் கொடுக்காததை வேறு யாருக்குக் கொடுத்தும் ஈடுகட்ட முடியாது.

எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நான் எதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன், ஏன் எழுந்து காருக்குப் போகவில்லை, எல்லாம். அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. மன்னிப்பைப் பாஸ்டர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, ஞானஸ்நானம் பெற்ற யாரும் இன்னொருவருக்குச் சொல்லலாம் என்பது எங்கள் சபையின் பழைய போதனை. அதனால் அவளிடமே கேட்டேன். எனக்கு அதைச் சொல்லு என்று கேட்டேன்.

நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வாய் வரல அண்ணே. பொய்யா சொல்லக் கூடாதுல்ல. கொஞ்ச நாளு போகட்டும்," என்றாள்.

சரி என்று எழுந்து வந்துவிட்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறேன். தேநீர் போட்டுக் கொடுக்கிறாள். மழையைப் பற்றி, மீன் விலையைப் பற்றிப் பேசுகிறோம். நான் மறுபடி கேட்பதில்லை. இன்றைக்கும் அங்கே போய்விட்டுத்தான் வந்தேன். இன்றைக்கும் அவள் சொல்லவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நீ ஐந்து நாள் காத்திருந்தாய் மச்சான், எனக்கு இது எட்டாவது மாதம். அடுத்த சனிக்கிழமையும் போவேன்.