சாவி என் கைப்பையில்

தை 8, வியாழன்.

காலையில் இவர் என்னைத் திருவிடைமருதூரில் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டார். கார்ச் சாவி வழக்கம்போல என் கைப்பையில் இருந்தது. கதவைச் சாத்தியதும் வண்டி கீச்கீச்சென்று கத்தியது. "அது சும்மா கத்தும், நீ போ" என்றார். எனக்கும் உறைக்கவில்லை என்றுதான் எழுதுகிறேன்; சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன்.

பட்டனை அமுக்கி ஸ்டார்ட் பண்ணும்போதுதான் சாவி உள்ளே இருக்கிறதா என்று வண்டி தேடும். ஓட ஆரம்பித்த பிறகு சாவி வெளியே போனால் கத்தும், நிற்காது. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. இவர் எங்கே படித்தார்? "என் விரல் பட்டாதான் ஸ்டார்ட் ஆகும்" என்று ஊரெல்லாம் பீற்றி, ஒரு வருஷமாக என்னை அந்தப் பட்டனைத் தொடவிடவில்லை.

திருப்பனந்தாளில் அறுவடை மெஷின்காரர் வீட்டு வாசலில் வண்டியை அணைத்திருக்கிறார். அப்புறம் கிளம்பவில்லை. போனில் குரலைத் தாழ்த்தி, "சாவி ஒன் பையில இருக்கா பாரும்மா" என்றார். அரை நாள் லீவு போட்டுப் பஸ்ஸில் போனேன். நாலு பேர் சுற்றி நிற்க, விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். கிளம்பிவிட்டது.

"விரல்ல சேறு இருந்துருக்கு" என்றார், வெட்கமே இல்லாமல்.

மெஷின்காரர் சிரித்தார். "அக்கா ஏறுனதும்ல கெளம்புது மாமா!"

"சேறுதாங்க" என்று நானும் ஒத்து ஊதினேன். அவரைவிட நான்தான் கேவலம்.

நாலு வருஷமாகப் பீரோவில் கிடந்த என் லைசென்ஸை இப்போது எடுத்துச் சாவியோடு பையில் வைத்தேன். நாளைக் காலையில் இவர் எழுவதற்குள் கிளம்ப வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அமுக்க வேண்டும். எந்த விரலானாலும் சரி.