கீழ் டிவிஷனுக்குக் கேட்ட சத்தம்

அன்பு மச்சானுக்கு,

உங்கள் பழைய மோட்டார் சைக்கிள் என் கைக்கு வந்து மூன்று மாதமாகிறது. நீங்கள் காய்ச்சலில் கண்ணை மூடிய மறுவாரமே, தோட்டத்துத் துரை ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் உங்கள் டிரசர் வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார். மருந்து கலக்க எனக்குத் தெரியும். வண்டிதான் தெரியாது.

ஆறு மைல் தள்ளியிருக்கும் கீழ் டிவிஷனுக்கு முதலில் மாட்டு வண்டியில்தான் போனேன். போய்ச் சேருவதற்குள் விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து, ஆட்கள் ரப்பர் மரங்களுக்குள் கலைந்துவிடுவார்கள். உண்மையில் அவர்கள் என்னைத் தவிர்த்தார்கள். பால்மரம் வெட்டும் காத்தாயி முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்: "குடுத்தவரையே காப்பாத்தாத கொயினா மருந்து எங்களுக்கு எதுக்கு சாமி?" போன மாதம் அங்கே இரண்டு பிள்ளைகள் காய்ச்சலில் போயின. இப்போது அவள் மகனே படுத்திருக்கிறான்.

பெரட்டுக்கு முன்னால் போய் நின்றாவது கெஞ்சிப் பார்க்கலாம் என்றுதான் வண்டியைத் தொட்டேன். இதை எப்படி ஓட்டினீர்கள் மச்சான்? கிளட்ச் கிடையாது. தள்ளிக்கொண்டே ஓடி, உறுமியதும் தாவி ஏற வேண்டும். ஏறிய பிறகும் நிம்மதி இல்லை. இரண்டு மைலுக்கு ஒரு தடவை டாங்கி மேலிருக்கும் குமிழை அழுத்தி, இஞ்சினுக்குக் கையாலேயே எண்ணெய் ஊட்ட வேண்டும். குறைந்தால் இறுகிக்கொள்கிறது, கூடினால் ஒரே புகை. ஆனாலும் மேட்டில் அது மூச்சுப் பிடித்து ஏறும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கொஞ்சம் இரும்பும், இஞ்சினைச் சக்கரத்தோடு பிணைக்கும் ஒரு தோல் வாரும் சேர்ந்து ஓர் ஆளைச் சுமந்துகொண்டு ஓடுகிறதே!

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். தீபாவளிக்கு வண்டிக்கும் எண்ணெய்க் குளியல் என்று அந்தத் தோல் வாருக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டேன். மறுநாள் லயத்து வீட்டு வரிசை முழுக்கத் தள்ளிக்கொண்டு ஓடுகிறேன், சக்கரம் சுற்றுகிறது, வார் வழுக்குகிறது, இஞ்சின் அசையவே இல்லை. உங்கள் தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "எண்ணெ வச்சா சீயக்கா போட வேணாமா? இதுகூடவா தெரியாது உங்களுக்கு?" வாரைக் கழற்ற வைத்து, சீயக்காய் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயப்போட்டாள். வண்டி ஓடியது!

இன்று காலைதான் முதல் முறையாகக் கீழ் டிவிஷனுக்கு ஓட்டிப் போனேன். செம்மண் சேற்றில் இரண்டு தடவை விழுந்தேன். பெரட்டுக் களத்தில் போய் இறங்கினால், எல்லாரும் தகரக் குவளையோடு வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் காத்தாயி. எனக்கு நம்பவே முடியவில்லை.

"வண்டிச் சத்தம் கேட்டுச்சு, காலு தானா வந்து நின்னுருச்சு" என்றாள் அவள். "நின்னாச்சுல்ல, ஊத்துங்க."

குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு வாயை அகலத் திறந்துகொண்டு நின்றாள். நான் விழித்தேன்.

"பாருங்க சாமி. முழுங்கிட்டோமான்னு பாத்துட்டுத்தானே அவரு அடுத்த ஆளுக்குப் போவாரு?"

பார்த்தேன். அவள் குவளையை மறுபடி நீட்டினாள். "மவனுக்கும் ஊத்துங்க. அவன் வாயை நான் பாத்துக்கிறேன்."

வரிசை முழுக்க ஒவ்வொருவராகக் குடித்து, வாயைத் திறந்து காட்டினார்கள். நீங்கள் இல்லாத மூன்று மாதத்துக்குப் பிறகும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறார்கள், மச்சான்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே கேள்விதான். நீங்கள் ஒழுங்காகக் குடித்தீர்களா? இத்தனை பேர் வாயைப் பார்த்தீர்களே, உங்கள் வாயை யார் பார்த்தார்கள்? நானாவது பார்த்திருக்கக் கூடாதா?

நாளையிலிருந்து முதல் குவளை எனக்குத்தான். குடித்துவிட்டு, காத்தாயி முன்னால் என் வாயைத் திறந்து காட்டுவேன். அவள் தலையாட்டிய பிறகுதான் வரிசை நகரும். இது உங்கள் தங்கைமேல் சத்தியம்.

அவளையும் தோட்டத்தையும் நீங்கள் நம்பி விட்டுப்போன
உங்கள் மாப்பிள்ளை