வருசம் திரும்புமுன் மலை

2025 ஜனவரி 5, ஞாயிறு

வனத்துறை நடைக்கு ஒரு சீட்டு போட்டுவிட்டேன். காட்டுத் தடத்தில் ஏறி, மேலே புல்சரிவைச் சுற்றி, மறுபக்கம் இறங்கிப் புறப்பட்ட செக்போஸ்ட்டுக்கே வந்துசேரும் பாதை. துடியலூரில் வீடு கட்டிய நாளிலிருந்து மொட்டைமாடியில் நின்று என் வீட்டுக்காரர் அந்த மலையைக் காட்டிக்கொண்டிருந்தார். "அடுத்த வருசம் போலாம்." எத்தனை அடுத்த வருசம்! போன நவம்பரில் மாரடைப்பில் போய்ச்சேர்ந்தார். பிப்ரவரி பிறந்தால் தீக்காலம் என்று காட்டை மூடிவிடுவார்கள். நான் இந்த மாதமே போகிறேன்.

ஜனவரி 7

அவருடைய அக்கா, காங்கேயம் ராசாத்தாள் நங்கையா போன். யாரோ பற்றவைத்துவிட்டார்கள்.

"எழவு உழுந்த ஊட்டுல வருசம் திரும்பற வரைக்கும் மலையேறக் கூடாதுன்னு தெரியாதா அம்மணி?"

"அது கோயில் மலை இல்லீங்க நங்கையா. வெறும் காடு."

"மலைன்னா மலைதான். ஏறிப்போட்டு எங்க ஊட்டு வாசப்படி மிதிக்காதே."

வைத்துவிட்டார். வீட்டுக்காரர் போன அன்றிலிருந்து கருமாதி வரை என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டவர் இந்த நங்கையாதான். அந்த வாசப்படி போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. தெரிகிறது. இருந்தாலும் — போறேன். போயே தீருவேன்.

ஜனவரி 11

அவர் துணிமணி எல்லாவற்றையும் கொடுத்தாகிவிட்டது. மலையேற வாங்கிய ஷூவை மட்டும் பரணில் ஒளித்துவைத்திருந்தேன். ஏழெட்டு வருசமாகப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது, மண் பட்டதே இல்லை. ரெண்டு சாக்ஸ் போட்டால் எனக்கு நிற்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

மூங்கில் காடு வரை ஒரு தொந்தரவும் இல்லை. புல்சரிவில் கால் வைத்ததும் வலது ஷூவின் அடி பிய்ந்து வாயைப் பிளந்தது. போடாமல் வைத்தால் பசை மக்கிவிடுமாம், வழிகாட்டி காளிச்சாமி சொன்னார். பத்திரமாக வைத்து வைத்தே கெடுத்திருக்கிறார் மனுசன்!

"ஏனுங்கம்மா, குறுக்கால எறங்குனா ஜீப் தடமுங்க. அனுப்பி உடட்டுங்களா?"

"சுத்தி வராம எறங்க மாட்டனுங்க."

துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினேன். மேலே நின்றால் நம்ம ஊடு தெரியும் என்பார். ஒரு மண்ணும் தெரியவில்லை, கீழே ஒரே புகைமூட்டம். "பொய்யா சொன்னீங்க?" என்று சத்தமாகவே கேட்டேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கூட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

சோலைக்குள் இறங்கும்போது இடது ஷூவும் போனது. மிச்சத் துப்பட்டா அதற்கு. காலைத் தேய்த்துத் தேய்த்து செக்போஸ்ட் வந்து சேர்ந்தேன். முழுசாகச் சுற்றிவிட்டேன்.

பிப்ரவரி 2

சொல்லாமல் கொள்ளாமல் நங்கையா வந்தார். படியேறும்போதே திட்டு ஆரம்பம். வாசலில் துணிக்கட்டோடு கிடந்த ஷூவைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டது.

"இது தம்பி திருமூர்த்தியோடதா?"

"ஆமாங்க."

"இதையா போட்டுட்டு ஏறுன?"

எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். தண்ணிகூடக் குடிக்கவில்லை. ஆத்துல உடறதுக்குங்களா என்று கேட்டேன். படியிறங்கிப் போய்விட்டார். பிடுங்கி வைத்திருக்க வேண்டும். விட்டுட்டேனே.

ஏப்ரல் 14

சித்திரைக்கனி. காங்கேயத்திலிருந்து போன் இல்லை. நானும் பண்ணவில்லை. நான் செய்தது தப்பில்லை.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் நங்கையா போன். "காங்கேயம் பஸ்ஸுல ஒரு பை குடுத்து உட்டிருக்கறேன். போய் வாங்கிக்க." அவ்வளவுதான்.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வந்து பிரித்தேன். அவருடைய ஷூ. புது அடி வைத்து, சுற்றிலும் தைத்து. அதன் கீழே இன்னொரு ஜோடி, பொம்பளைங்க போடுகிற புது ஷூ. போட்டுப் பார்த்தேன், குதிகால் நுழையவில்லை. போன் போட்டேன்.

"புதுசு எனக்குப் பத்தலீங்க நங்கையா."

"உனக்குன்னு ஆரு சொன்னா? அது என்னுது. அவன் எனக்குந்தான் தம்பி, நீ மட்டும் போய்ப் பாத்துட்டு வந்துட்ட. தீக்கும் மழைக்கும் மூடுன காட்ட ஆகஸ்ட்டுல தொறக்கறாங்களாமா. ரெண்டு சீட்டு போடு."

"வருசம் திரும்ப நவம்பர் ஆகுங்களே?"



"எனக்கே சாஸ்திரம் சொல்றியாக்கும்? சீட்டப் போடு அம்மணி."

போட்டுவிட்டேன்.